14. மெத்தையில் ஏறிய டிங்கு

கனிமொழியைக் கடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டது சுபலட்சுமிதான். இன்றைக்கு நடந்ததற்கு வேறு யார் மேலாவது பழியைப் போடலாம் என்றால் அந்த வழியும் அடைபட்டுக் கிடந்தது.

மாமியார் அபிதகுசாம்பாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கட்டிலோடு படுத்துவிட, பெண்களுக்குப் புடவை எடுத்துக் காட்டக் கடையில் ஒரு பெண் வேண்டுமென்று மருமகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஒரு மாதம் ஆகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்படியையும் மொட்டை மாடியையும் தவிர வேறெதையும் பார்க்காதவளுக்குக் கடை பிடித்துப்போயிற்று. நாலு முகம் பார்க்கலாம், நாலு பேச்சுப் பேசலாம். வாய்க்குள் பூசணம் பூத்துப்போயிருந்த சிரிப்பெல்லாம் வெளியே வந்தது.

அந்தத் தெம்பில்தான் போன வாரம் கனிமொழிக்குப் போன் போட்டாள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். இப்போது படவேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆவணியில் கல்யாணம்.

"முகூர்த்தப் பொடவ எங்க கடையிலதான் எடுக்கணும். நானே என் கையால எடுத்துத் தருவேன். மெத்தையில உக்கார வெச்சி, கடையையே எறக்கிப் போட்டுக் காட்டுறேன் பாரு. வேற எவன் கடப் படியாச்சும் ஏறின, அப்புறம் எம் மூஞ்சியில முழிக்காத."

அந்தப் பக்கம் கனிமொழி சிரித்தாள். சிரித்துவிட்டு, "உங்க மாமா இருப்பாரே?" என்றாள்.

"இருந்தா இன்னா?"

கனிமொழி அதை ஏன் கேட்கிறாள் என்று சுபலட்சுமிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

மாமனார் அருணகிரியின் கடையில் உள்ளே சுவருக்குச் சுவர் மெத்தை. மேலே துவைத்துப் போட்ட வெள்ளை விரிப்பு. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கால் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தால், மடியில் வந்து விழும் பட்டு. முன்பக்கம், ஷட்டருக்குப் பக்கத்தில், ஒரு மர பெஞ்சும் அதற்கு எதிரே ஒரு மேஜையும் உண்டு. யார் வந்தாலும் கல்லாவில் இருந்தபடியே அருணகிரி கும்பிடுவார். "வாங்க வாங்க. எந்த ஊரு?" என்பார். ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார். அதற்கு வரும் பதிலைப் பொறுத்து அவர் கை மெத்தையைக் காட்டும், இல்லாவிட்டால் பெஞ்சைக் காட்டும்.

அவ்வளவுதான். ஒரு சுடுசொல் கிடையாது. பெஞ்சில் உட்காருபவர்களுக்கும் அதே புடவை, அதே விலை, அதே சிரிப்பு. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கடைக்கு வந்த முதல் வாரமே சுபலட்சுமி இதைப் பார்த்துவிட்டாள். அவசரமாகப் போகிறவர்கள் பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லி வைத்துக்கொண்டாள்.

இன்று காலை கடை திறந்து சாம்பிராணி போட்ட புகை கலைவதற்குள் வாசலில் ஒரு குவாலிஸ் வண்டி வந்து நின்றது.

இறங்கின அம்மாள் சென்னை அண்ணா நகர். பெயர் ஆதிலட்சுமி. வீட்டுக்காரருக்கு அங்கே சொந்த ஹோட்டல். மகனுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்துப் பட்டு எடுக்க வந்திருந்தார். அவர் இடுப்பில், கைக்குழந்தை மாதிரி, புசுபுசுவென்று வெள்ளை முடியோடு ஒரு நாய். கழுத்தில் சிவப்பு ரிப்பன்.

அருணகிரி கும்பிட்ட கையைக் கீழே இறக்கவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நாய வண்டியிலயே உட்டுட்டு வந்துடுங்க."

"வண்டியிலயா? இந்த வெயில்ல வெந்தே செத்துடுவான் சார்."

"டிரைவர் கையில குடுங்கம்மா."

"அவர் கிட்ட நிக்க மாட்டான். ஊரைக் கூட்டிடுவான். எங்க ஹோட்டல்லயே இவன் பாட்டுக்கு டேபிளுக்குக் கீழ படுத்திருப்பான் சார். சாப்பிட வர்றவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல. கொழந்தைங்க இவனப் பாக்கன்னே வருதுங்க. ஹோட்டல்லயே இருக்கான், துணிக்கடையில இருக்க மாட்டானா?"

"ஹோட்டல் வேறம்மா. இது பட்டு."

சுபலட்சுமியின் வீட்டுக்காரன் பாலமுருகன் அப்பாவின் முழங்கையைத் தொட்டு, புடவைக் கட்டுகள் அடுக்கியிருந்த மூலைக்கு மெல்லத் தள்ளிக்கொண்டு போனான். சுபலட்சுமி அங்கேதான் நின்றாள்.

"அப்பா, பேஜார் பண்ணாத. ரெண்டு வூட்டுக்கும் சேத்து எடுக்கறாங்க. நாம வேணான்னா நேரா எதிர்க்கடைக்குப் போவாங்க."

"போவட்டும்டா. பட்டு வெச்சிருக்கிற எடத்துல நாயா? உங்க அம்மாளையே குளிக்காம உள்ள உட்டதில்ல நானு."

"தெரு நாய் இல்லப்பா, ஜாதி நாய். தெனம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்றாங்களாம்."

"குளிச்சா? நகம் ஜரிகையில மாட்டி இழுத்துச்சின்னா, அந்தப் பொடவய நீ கட்டிக்கினு போவியா? ஒரு முடி ஒட்டி இருந்தாப் போதும், அடுத்து வர்ற பொம்பள மூஞ்சியச் சுளிப்பா."

"சுபா, நீ சொல்லேன்."

வீட்டில் ஒரு காரியத்துக்கும் தன்னைக் கேட்காதவன் கடையில் கேட்டது சுபலட்சுமிக்கு ஒரு மாதிரி குளிர்ந்தது. வாசலில் அந்த நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்தாள்.

"ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே மாமா," என்றாள். "வாயில்லாத ஜீவன். வெயில்ல நிக்க வெச்சா பாவம். நான் பாத்துக்கறேன், மெத்தையில ஏற உடாம."

மருமகள் தன் முகத்தைப் பார்த்து இவ்வளவு நீளமாகப் பேசி அருணகிரி கேட்டதில்லை.

"ஏறக் கூடாது. சொல்லிட்டேன்," என்றார்.

மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு துண்டை விரித்து நாயை உட்கார வைத்தார்கள். அதன் பெயர் டிங்கு. டிங்குவுக்குத் துண்டு பிடிக்கவில்லை. புடவை காட்டுகிற சிவப்பிரகாசம் முதல் கட்டை அவிழ்த்து முந்தானையை வீசிப் போட்டதுதான் தாமதம், ஒரே தாவில் மெத்தைமேல் ஏறி, வெள்ளை விரிப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, எஜமானி அம்மாள் முழங்காலில் தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டது.

சிவப்பிரகாசம் கல்லாப் பக்கம் பார்த்தான். பாலமுருகன் பார்த்தான். சுபலட்சுமி அதை இறக்க எழுந்தாள்.

ஆதிலட்சுமி அம்மாள் அப்போது ஒரு அரக்குப் புடவையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தார். "இது இருக்கட்டும். இதே மாதிரி பச்சைல?" என்று கேட்டார்.

அருணகிரி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "உடும்மா சுபா. படுக்கட்டும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பாவம்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

கனிமொழி அதற்கப்புறம்தான் வந்தாள். கூட அவள் அம்மா பச்சையம்மாள்.

பச்சையம்மாள் கடைக்கு ரொம்ப முன்னாலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்தாள். கனிமொழி அதைப் பிடுங்கி, கடை வாசலில் மற்றச் செருப்புகளோடு போட்டாள். டீச்சர் வேலைக்குப் போக ஆரம்பித்தபின் கனிமொழியின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. மடிப்புக் கலையாத காட்டன் புடவை, தோளில் பை.

"வாங்கம்மா வாங்க. எந்த ஊரு?" என்றார் அருணகிரி.

"தேவிகாபுரம் பக்கங்க."

"நல்லது நல்லது. தேவிகாபுரத்துல எந்தப் பக்கம்?"

"காலனிங்க," என்றாள் கனிமொழி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"உக்காருங்கம்மா. இங்க காத்து நல்லா வரும்." கை பெஞ்சைக் காட்டியது.

கனிமொழி பெஞ்சைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்தாள். சுபலட்சுமி அதற்குள் எழுந்து சிரித்தபடி வந்துகொண்டிருந்தாள். மெத்தை ஓரம் வரைக்கும் வந்துவிட்டாள். 'வா கனி, மேல வா' என்ற வார்த்தை வாய்க்குள் தயாராக இருந்தது.

அருணகிரி மருமகளை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கோபம்கூட இல்லை. இதெல்லாம் உனக்குச் சொல்லித் தர வேண்டுமா என்கிற மாதிரி, வீட்டு மனிதர் வீட்டுப் பெண்ணைப் பார்க்கிற பார்வை.

"இப்டி பெஞ்சிலயே உக்காரு கனி," என்றாள் சுபலட்சுமி. "உள்ள எடமில்ல."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கல்யாணக் கூட்டமே உட்காரலாம் போல மெத்தை காலியாகக் கிடந்தது. அதில் இருந்தது ஒரு அம்மாளும் ஒரு நாயும்.

கனிமொழி பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பச்சையம்மாள் பாதி பெஞ்சில், பாதி வெளியில் என்று உட்கார்ந்தாள்.

சுபலட்சுமி பரபரவென்று வேலை செய்தாள். இருக்கிறதிலேயே நல்ல கட்டுகளாக எடுத்து வந்து மேஜைமேல் குவித்தாள். "இது பாரு, கெட்டிக் கரை. இது உன் நிறத்துக்கு எடுத்துக் குடுக்கும். இந்த புட்டாவ பாரேன்" என்று நிறுத்தாமல் பேசினாள். நிறுத்தினால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயமாக இருந்தது. மேஜை சின்னது. புடவையை முழுசாக விரிக்க முடியவில்லை. முந்தானை ஒரு பக்கம் தொங்கியது. அதைத் தரையில் படாமல் பச்சையம்மாள் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே டிங்கு மல்லாந்து படுத்து நாலு காலையும் தூக்கியது.

"அய்ய, அத்தப் பாரேன் கனி!" பச்சையம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கொயந்த மாரி பொரண்டுகினு கீது. மெத்த சொகம் அதுக்கும் தெரியுது பாரு."

பச்சையம்மாள் குத்தலாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். அதனால்தான் சுபலட்சுமிக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கனிமொழியும் அந்த நாயைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சுபா," என்றாள், குரலைத் தாழ்த்தாமல், "அந்த நாய் எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?"

கல்லாவில் சாவிக்கொத்துச் சத்தம் நின்றது. பாலமுருகன் கையில் வைத்திருந்த புடவையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

ஆதிலட்சுமி அம்மாள் மட்டும் மலர்ந்த முகத்தோடு திரும்பினார். "அண்ணா நகர் வெஸ்ட்மா. டவர் பார்க் பக்கம். நீங்களும் மெட்ராஸா?"

"இல்லீங்க," என்றாள் கனிமொழி. "நாங்க வெளியூரு."

அவள் எழுந்துகொள்ளவில்லை. முதலில் மேஜைமேல் இருந்த புடவைகளை ஒவ்வொன்றாக அதனதன் மடிப்பிலேயே மடித்து வைத்தாள். அம்மா கையில் இருந்த முந்தானையை வாங்கி அதையும் மடித்தாள். சுபலட்சுமி கை நீட்டியபோது, "பரவால்ல, நானே மடிக்கிறேன்" என்றாள். எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மனசுக்குப் புடிச்சா மாதிரி அமையல சுபா. பஸ்ஸுக்கு நேரமாவுது."

"வரேன் கண்ணு," என்றாள் பச்சையம்மாள். "பொடவ எல்லாம் நல்லாத்தான் கீது. இதுக்குத்தான் ஒண்ணும் புடிக்கல."

வாசலில் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

"யாரும்மா அந்தப் பொண்ணு, டீச்சர் மாதிரி?" என்று ஆதிலட்சுமி அம்மாள் கேட்டார். "நம்ம டிங்குவ எவ்ளோ ஆசையா விசாரிச்சா!"

"தெரிஞ்சவங்க," என்றாள் சுபலட்சுமி.

சிநேகிதி என்று சொல்ல வாய் வரவில்லை. எத்தனை வருஷத்து சிநேகிதி. ஒரு வார்த்தையில் தெரிந்தவள் ஆகிவிட்டாள்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கட்டுக்குப் போனாள். பாலமுருகன் பின்னாலேயே வந்தான்.

"இன்னா சுபா, கஸ்டமர் எதுர்ல மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு?"

"நாயிக்காகப் பேசின வாயி, அவளுக்காகத் தொறக்கலீங்க."

"நீ இன்னா பண்ணுவ? அப்பா காலத்துப் பழக்கம்."

"நாய உள்ள உடாததும் அப்பா காலத்துப் பழக்கம்தான். அத்த மாத்த நீங்க எவ்ளோ கெஞ்சினீங்க. நானும் கூட நின்னு கெஞ்சினேன்."

"அவங்க பெரிய பார்ட்டிம்மா."

"கனியும் பொடவ எடுக்கத்தானே வந்தா? சும்மா குடுக்கச் சொன்னாளா?"

"மெள்ள பேசு, கேக்கப் போறாங்க." அவன் குழாயைத் திறந்து கையைக் கழுவினான். அவன் கையில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் கழுவினான். "எனுக்கும் தெரியுது சுபா. சங்கடமாத்தான் கீது. சங்கடத்த வெச்சிகினு கட நடத்த முடியுமா?"

அவனைத் திட்ட அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? 'எடமில்ல' என்று சொன்னது அவன் வாய் இல்லையே.

மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு சுபலட்சுமி வெளியே வந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வேகுவேகென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் "இன்னாம்மா, எங்க ஜல்தியா?" என்றார்கள். காதில் விழாத மாதிரி போனாள்.

தேவிகாபுரம் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு சிமெண்ட் கட்டையில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மாள் வெள்ளரிப் பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தாள். சுபலட்சுமியைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "குந்து கண்ணு. மூச்சு வாங்குது பாரு உனுக்கு."

சுபலட்சுமி உட்காரவில்லை.

"கனி, வா. எழுந்திரு. மெத்தையில உக்கார வெச்சிக் காட்டுறேன். மாமா இன்னா சொன்னாலும் சரி."

"நாயி எறங்கிடுச்சா?" என்றாள் கனிமொழி.

சுபலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுவாத. எனுக்குக் கோவம் உங்க மாமா மேல இல்ல. எங்க போனாலும் அப்டி ஒரு மாமா குந்திகினு கேட்டுகினுதான் கீறாரு. வேலைக்கிச் சேந்த அன்னிக்கி ஸ்கூல்லயே கேட்டாங்க, எந்தப் பக்கம் டீச்சர்னு. பழகிடுச்சி." கனிமொழி நேராகப் பார்த்தாள். "நீ 'எடமில்ல'ன்ன பாரு, அத்தச் சொல்லாம இருந்திருக்கலாம். 'மாமா உட மாட்டாரு கனி, எனுக்கு பயமா கீது'ன்னு சொல்லி இருந்தீனா, நான் சிரிச்சிகினே பெஞ்சில குந்தி, பொடவயும் எடுத்துகினு வந்திருப்பேன். என்னைப் பாத்து அப்டி ஒரு பொய்யி. என் கண்ணு எதுர்லயே மெத்த காலியா கீது."

"அத்த உடு கனி," என்றாள் பச்சையம்மாள். "அந்தப் பொண்ணு இன்னா பண்ணும், இன்னொருத்தர் வூட்ல வாழப் போன பொண்ணு. நீ கல்யாணத்துக்கு வந்துடு கண்ணு. மறக்காத."

"வரேம்மா. கண்டிப்பா வரேன்."

"எப்டி வருவ?" என்றாள் கனிமொழி.

"எப்டின்னா?"

"எங்க பக்கம் கல்யாணத்துக்கு ஊர்க்காரங்களும் வருவாங்க சுபா. எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சவங்க, எங்கூட வேல செய்யறவங்க. அவங்களுக்குப் பந்தல்ல தனியா சேரு போட்டு வெப்போம். கலர் சோடா பாட்டில அவங்க எதுர்லயே ஒடைச்சிக் குடுப்போம். குடிச்சிட்டு, மொய்க் கவர குடுத்துட்டு, நேரமாவுதுன்னு கெளம்பிடுவாங்க. எங்க வூட்டுச் சோத்துல கை வெக்க மாட்டாங்க. அவங்களுக்குன்னே கலர் சொல்லி வெச்சிருக்கோம். உனுக்கு அதுல ஒண்ணா, இல்ல பந்தியில ஒரு எலையா? இப்பவே சொல்லிடு. சமையல்காரருக்குச் சொல்லணும்."

சுபலட்சுமி வாயைத் திறந்தாள்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் ஆனால் தன் டப்பாவைத் திறந்து பாதியைக் கனிமொழிக்குத் தள்ளுவாள். அதை நினைத்து எத்தனை முறை மனசுக்குள் பெருமைப்பட்டிருக்கிறாள்! கனிமொழியும் தன் டப்பாவை நீட்டுவாள். கேழ்வரகு அடை இருக்கும், கருவாட்டுக் குழம்பு இருக்கும். 'வயிறு சரியில்ல கனி', 'இன்னிக்கி வெள்ளிக்கெழம கனி'. அத்தனை வருஷத்தில் ஒரு விள்ளல்கூட எடுத்து வாயில் போட்டதில்லை. கனிமொழி ஒருநாள் நீட்டுவதை நிறுத்திவிட்டாள். எந்த நாள் என்றுகூட சுபலட்சுமிக்குத் தெரியவில்லை. கொடுத்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு அதற்கு நட்பு என்று பெயர் வைத்திருந்தாள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கத்தினான். பச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எல," என்றாள் சுபலட்சுமி. கண்டக்டர் சத்தத்தில் அது அமுங்கிப்போயிற்று. மறுபடி சொன்னாள். "பந்தியில எல போடு கனி."

கனிமொழி படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினாள். சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"சொல்றேன் சமையல்காரர் கிட்ட," என்றாள். "ஆனா சுபா, கூட ஒரு கலரும் எடுத்து வெச்சிருப்பேன். வீணாப் போவாது."

பஸ் போன பிறகும் சுபலட்சுமி அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தன் வார்த்தைக்கு இன்றைய தேதியில் அவ்வளவுதான் மதிப்பு. கனிமொழி திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கடைக்குத் திரும்பியபோது குவாலிஸ் வண்டி இல்லை. மெத்தை விரிப்பை உருவிச் சலவைக்குப் போட்டிருந்தார்கள். சிவப்பிரகாசம் புது விரிப்பைத் தட்டி விரித்துக்கொண்டிருந்தான். பாலமுருகன் தரையில் உட்கார்ந்து, அண்ணா நகருக்கு அனுப்ப வேண்டிய புடவைப் பெட்டிகளுக்குச் சணல் கட்டிக்கொண்டிருந்தான். அருணகிரி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை நாளில் மருமகள் பார்க்காத வெளிச்சம்.

"வாம்மா. உன் மாமியா எப்டி கீறா?"

"நான் வூட்டுக்குப் போவல மாமா."

அது அவர் காதில் ஏறவில்லை.

"அந்த அம்மா தங்கமான மனுஷிம்மா. போம்போது பத்திரிக குடுத்து, குடும்பத்தோட கல்யாணத்துக்கு வந்தே ஆவணும்னு கையப் புடிச்சிகினு சொல்லிட்டுப் போச்சு. என்னால அவ்ளோ தூரம் ஆவாது. நீயும் பாலாவும் போங்க. வர்ற ஞாயித்துக்கெழம இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு. அவங்க மண்டபத்துல நல்லா குந்தி சாப்ட்டுட்டு வரணும். சாப்புடாம வந்தா மரியாதையா இருக்காது, தெரியுதா?"

கனிமொழியின் கல்யாணமும் அதே ஞாயிறு. நல்ல முகூர்த்தம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

"அன்னிக்கி என்னால முடியாது மாமா," என்றாள்.

"ஏம்மா?"

"காலைல வந்தாளே கனிமொழி, அவ கல்யாணம். அவ என் சிநேகிதி. சின்ன வயசுலேர்ந்து."

இப்போது சொல்ல முடிந்தது. கேட்க வேண்டியவள் கேட்காத இடத்தில்.

அருணகிரி கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிறவர் இல்லை. "அதுக்கு இன்னாம்மா? சிநேகிதம்னா போவத்தான் வேணும். மொத நாளே போயி தலையக் காட்டிட்டு, ஒரு கலர் குடிச்சிட்டு, கவர குடுத்துட்டு வந்துடு. யாரு வேணான்னா?"

"பந்தியில உக்காந்து சாப்புடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் மாமா."

சிவப்பிரகாசம் விரிப்பைத் தட்டுவதை நிறுத்தினான்.

அருணகிரி மருமகளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

"பாலா. உன் பொண்டாட்டி இன்னாமோ சொல்றா. கேட்டியா?"

பாலமுருகன் தலை நிமிரவில்லை. பெட்டிமேல் போட்டு முடித்திருந்த முடிச்சை அவிழ்த்தான். அதே சணலை எடுத்து, அதே இடத்தில், மறுபடியும் முடிச்சுப் போட ஆரம்பித்தான்.